தோணிக்காரனுக்காக மருமகனோடு கதைத்தது

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் ஒன்று அக்காவின் பிள்ளை, ஆனால் ஆறு என்றுதான் சொல்லுவேன். ஐந்து பேர் வெளியில் போய்விட்டார்கள். கடைசி மகளோடு நான் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் கொடுப்பது. மருமகன்தான் வந்து குடியிருப்பார். அப்படி அவர் வந்து பதினொரு வருஷம்.

அவ்வளவு காலமும் நாங்கள் இரண்டு பேரும் நேரே நின்று கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது மரியாதையில்லை என்று என் தாய் எனக்குப் பழக்கியது. அவர் முற்றத்தால் வந்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன். சோறு வேணுமா என்று அறிய வேண்டுமென்றால், "அப்பாட்டக் கேளு மனே" என்று பேத்தியிடம் சொல்லுவேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "போதும் எண்டு சொல்லு" என்பார். பேத்தி இல்லாத நேரத்தில் பூனையிடம் சொல்லியும் இருக்கிறோம்.

மருமகனுக்கு செங்கலடியில் நெல் ஆலையில் வேலை. குடியில்லை, வெற்றிலைகூட இல்லை. போன்தான். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பெருவிரலால் எதையோ எழுதிக்கொண்டே இருப்பார். கடனைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். பேத்திதான் சொன்னாள், அது கதையாம்.

ஆரோ எழுதின பெரிய கதை ஒன்று இருக்கிறது. கெட்ட காலம் ஒன்று வந்தபிறகு நடக்கிற கதை. சுற்றிவரத் தண்ணீர், நடுவில் ஒரு நகரம். ஆர் எப்போது தின்ன வேண்டும், எப்போது படுக்க வேண்டும், ஆரோடு கதைக்க வேண்டும் என்று மேலே இருக்கிறவர்கள் சொல்லுவார்கள். ஒரு பெட்டை அங்கிருந்து தப்பி ஓடுகிறாள். அந்தக் கதை பிடித்துப்போன ஆட்கள், அதில் வாற மனிசரை எடுத்துத் தங்கள் பாட்டில் புதுக்கதை எழுதிப் போனில் போடுகிறார்களாம். மருமகனும் அப்படி ஒருவர். எங்கெங்கோ நாட்டில் இருந்தெல்லாம் வாசிக்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, எழுதினதை மகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். பிழை பார்க்கத்தான். நான் குசினியில் இருந்து கேட்பேன். ஒளித்திருந்து கேட்கவில்லை. குசினி என்னுடையது, சத்தம் தானாக வந்தது.

அதில் ஒரு தோணிக்காரன். பெரிய கதையில் அவனுக்கு அரைப்பக்கம்தானாம். அந்தப் பெட்டையை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது காவலாளிகள் சுட்டுவிடுவார்கள். பேரும் இல்லை. மருமகன் அவன் சாகிறதுக்கு முந்தின காலத்தை எடுத்து எழுதினார். அவன் ஆரை ஏற்றினாலும் கதைக்கமாட்டான். அக்கரையில் இறக்கிவிட்டு, துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு, அந்த ஆள் மறையுமட்டும் நிற்பான். மறைந்த பிறகும் கொஞ்சம் நிற்பான்.

அதைக் கேட்ட அன்று குழம்பு அடிப்பிடித்தது.

செங்கலடிச் சந்தியில் நானும் அப்படி நின்றவள். ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் நின்றேன். பஸ் திரும்பி மறைந்தபிறகும் நிற்பேன், கடைக்காரர் "ஆச்சி, இனி அடுத்த பஸ்தான் வரும்" என்பார். அதை ஒரு வேலையென்று ஆரும் எண்ணவில்லை. அதைச் செய்கிற ஒரு ஆள் கதைக்குள் வருவான் என்று நானும் எண்ணவில்லை. ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கத் தொடங்கினேன். இந்த வயதில், இல்லாத ஒரு மனிசனுக்காக.

எனக்கு மட்டுமில்லை. வாசிக்கிற ஆட்கள் எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள். தோணிக்காரன் எங்கே, அவன் சாப்பிடுவானா, அவனுக்குப் பெண்சாதி இருக்கிறாளா. மருமகனுக்குச் சினம் வந்துவிட்டது.

"அந்தப் பெட்டைக்கு எவ்வளவு எழுதினன்! ஒருத்தரும் அவளைக் கேக்கிறாங்க இல்ல. இந்த அரைப்பக்கத்தானைத்தான் கேக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு. கூத்திலும் அதுதானே. ராசா வந்து நீட்டி ஆடும்போது நாங்கள் வெற்றிலை போட எழும்பிப் போவோம். பறையறைந்து சிரிப்புக் காட்டுகிறவன் வந்தால் ஓடி வருவோம்.

மறுகா ஒரு ஞாயிறு, நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகன் பேத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"வாற கிழமை தோணிக்காரனை முடிச்சிடுவன். மூலக்கதையில சாகிறவன்தானே. இவன் இருந்தா கதை நகராது."

கத்தியை வைத்தேன். எழும்பினேன். கை முழுக்கச் செதிள். நேரே போய் அவருக்கு முன்னால் நின்றேன். அவர் திடுக்கிட்டு எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாரனை மரியாதைக்குக் கால்வரை இறக்கிவிட்டார்.

"அவனைக் கொல்லாதீங்க மகன்."

கிணற்றடியில் மகள் வாளியைக் கைவிட்ட சத்தம் கேட்டது.

"மாமி... அது கதைதானே."

"கதைதானே. அப்ப கொல்லாமலும் விடலாம்."

"மூலக்கதையில சாகிறான் மாமி."

"அதை எழுதினவர் அவனை ஒருக்காத்தான் பார்த்தவர். இவ்வளவு நாளும் அவனோட இருந்தது நீங்கதான்."

அவர் நிலத்தைப் பார்த்தார். நானும் நிலத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப அவனை நான் என்ன செய்யிற?"

"ஒருக்கா அவனை ஆராவது ஏத்திக்கொண்டு போகட்டும். இறக்கிவிட்டிட்டு, அவன் மறையுமட்டும் நிக்கட்டும்."

மகள் ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றாள். "பதினொரு வருஷமா ஒரு அகப்பை சோத்துக்குத் தூது விட்ட மனிசி! தோணிக்காரனுக்கு வாய் திறந்திட்டா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மீனை ஆயப் போய்விட்டேன்.

அடுத்த கிழமை எழுதிவிட்டார். அந்தப் பெட்டை துடுப்பைப் பிடிக்கிறாள், அவன் தோணியின் நடுவில் இருக்கிறான், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். அக்கரையில் இறங்கி நடக்கிறான். அவள் நிற்கிறாள். அவ்வளவுதான், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். வாசிக்கிறவர்கள் கேட்டுத் துளைக்கிறார்கள், திரும்பிப் பார்த்தானா, பார்க்கவில்லையா என்று. இப்போது வெட்டுக் காலம். படுவான்கரை வயல்வட்டைகளில் இருந்து ஆலைக்கு நெல் வந்து குவிகிறது. மருமகன் தூசியோடு வந்து விழுந்து படுக்கிறார். ஞாயிறும் வேலை. கதை அப்படியே கிடக்கிறது.

நானும் அவரும் பழையபடி கதைப்பதில்லை. ஒருக்காக் கேட்டாயிற்று, இன்னொருக்காப் போய் நின்று கேட்க எனக்கு மனம் ஒப்பாது.

ஆனால் தோணிக்காரன் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறான். அடுப்பு மூட்டும்போதும் நடக்கிறான், நான் கண்ணை மூடினாலும் நடக்கிறான். என் மூத்தவன் பஸ் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனான், கொண்டக்டர் ஏசுமட்டும். இரண்டாவது மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கி ஓடி வந்திருப்பேன் என்று கனகாலம் கழித்துப் போனில் சொன்னாள். அந்தக் கனகாலமும் நான் அந்த முதுகைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். தோணிக்காரன் திரும்பிப் பார்க்க வேணும் என்று நான் கட்டாயம் பண்ணவில்லை. பார்க்காவிட்டால், ஏன் பார்க்கவில்லை என்று ஒரு வரி போடட்டும். நிற்கிறவளுக்கு அவ்வளவே காணும்.

நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா மனே? அப்பா கிணத்தடியில குளிச்சிட்டு வாறார் போல. முதலில இருந்து வாசி பாப்பம். கொஞ்சம் சத்தமா வாசி.