அமாவாசையன்று பார்த்த மனை

டாலிகஞ்சில் கால்வாய் ஓரமாக ஒரு மனை எங்களுக்குப் பிடித்துவிட்டது. அமாவாசையன்று முன்பணம் தருகிறோம் என்றதும் வங்காளித் தரகர் பதறினார். "அன்னிக்கு அந்தப் பக்கமே வராதீங்க பௌதி, அசுபம்!" பௌதி என்றால் அவர்கள் மொழியில் அண்ணி.

தமிழர்களான நமக்கோ அது நிறைந்த நாள். அவரிடம் சொல்லாமல் நானும் கணவரும் மனையைப் பார்க்கப் போனோம். அமாவாசையன்று கடல் பொங்குமே, கங்கை வழியாக ஏறி வந்த அந்தக் கடலோதம் கால்வாயை நிரப்பி, மனைக்குள் கணுக்கால்வரை நின்றது.

"இது மனையே இல்லடி, கால்வாய்! மண்ணைக் கொட்டி மூடியிருக்கான்" என்றார் கணவர்.

ஓதம் ஏறும் கால்வாயைத் தூர்ப்பது சட்டப்படி குற்றம். விடுவேனா? மாநகராட்சியில் புகார் கொடுத்து, விடாமல் நச்சரித்தேன். கொட்டியவர்களே மண்ணை அள்ளிப் போனார்கள்.

இப்போது மனை வாங்கும் தோழிகளை அமாவாசையன்று, நீர் ஏறும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். தரகர் சொன்னதும் பொய்யில்லை. அன்று அசுபம்தான், அவருக்கு!