எட்டு நாற்காலிக் கடையில் ஒரு நாற்காலி

ஆஸ்பத்திரி சமையற்கூடத்தில் அவளுக்கு உப்பில்லாக்கா என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளாளுக்கு இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். இருபத்தாறு வருஷமாக நோயாளிகளுக்குச் சமைக்கிறாள். வார்டிலிருந்து மஞ்சள் சீட்டு வரும். அதில் மூன்று கட்டங்கள்: கட்டில் எண், துணைக்கு இருப்பவருக்குச் சாப்பாடு உண்டா, ஆகாதவை. இந்த மூன்றாவது கட்டம்தான் எப்போதும் நிரம்பி வழியும். உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, காரம் ஆகாது, மெல்லும்படி எதுவும் ஆகாது. அப்புறம் என்னத்தைத்தான் சமைப்பதாம்? அப்படியும் சமைத்தாள். தட்டுகள் சுவர் ஜன்னல் வழியாகப் போய், பாதி அப்படியே திரும்பி வரும். சாப்பிட்டவர் முகத்தை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்து டி.வி.யில் ஜப்பான் கடை ஒன்றைக் காட்டினார்கள். மொத்தமே எட்டு நாற்காலி. சமையல்காரர் ஒரு துண்டு கடற்பாசியைத் தண்ணீரில் போட்டார், கொதி வருமுன் எடுத்தார், மரச்சீவல் மாதிரி இருந்த காய்ந்த மீனை ஒரு கை அள்ளிப் போட்டு வடிகட்டினார். எண்ணெய் இல்லை, காரம் இல்லை. பார்வைக்கு அசல் ஆறாம் வார்டு சூப்! ஆனால் எட்டுப் பேரும், யாருக்கும் யாரும் துணை இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு அதை உறிஞ்சினார்கள். குடித்து முடித்த முகங்களைச் சமையல்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அடப்பாவி! என் சூப்பை வெச்சுக்கிட்டு இந்த மனுஷன் என்ன மாயம் பண்றான்?" என்று உப்பில்லாக்கா வாய்விட்டே கேட்டுவிட்டாள். பக்கத்தில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அந்தக் கிண்ணத்தைக் குடித்துப் பார்த்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். பாஸ்போர்ட் எடுத்தாள். கோடுபோட்ட நோட்டு ஒன்றில் எந்த ஊரில் டோஃபு என்கிற சோயாக் கட்டி, எந்த ஊரில் கோதுமை நூடுல்ஸ், எந்த ரயிலில் எங்கே இறங்குவது என்று பத்து நாளையும் வேளை வேளையாக எழுதினாள். இந்த வருஷம்தான் லீவும் கிடைத்தது. முதலில் எட்டு நாற்காலிக் கடையில் இடம், அப்புறம்தான் விமான டிக்கெட் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள்.

இங்கேதான் பெரியவள் வந்தாள். கூடப்பிறந்த அக்கா. அப்பா அம்மா போனபின் அந்த வீட்டில் இவர்கள் இரண்டே பேர். பல் பிடுங்கப் போனாலும் அக்கா கூட வருவாள், செருப்பு வாங்கப் போனாலும் வருவாள். இந்த வேலைக்கான நேர்காணலுக்கே உள்ளே வந்து பாதிக் கேள்விக்குப் பதில் சொன்னவள்.

"தனியாப் போறியா? நடக்கவே நடக்காது. நானும் வரேன்" என்றாள். மறுநாளே புதுப் பெட்டி வாங்கி வந்துவிட்டாள்.

அக்காவை எதிர்த்துப் பேசி உப்பில்லாக்காவுக்குப் பழக்கமில்லை. கடையில் இரண்டு நாற்காலி கேட்டு போனில் விண்ணப்பம் நிரப்பினாள். கடைசியில் ஒரு கேள்வி: உங்களுக்கு ஆகாத உணவு ஏதாவது உண்டா? இருபத்தாறு வருஷக் கை சும்மா இருக்குமா? அக்காவுக்கு மீன் ஆகாது, முட்டை ஆகாது, காளான் ஆகாது, பச்சையாக எதுவும் ஆகாது என்று ஒன்று விடாமல் போட்டுத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் பத்தியச் சீட்டு எழுதும் டயட்டீஷியன் பெண் அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். "அவங்க செய்யற எல்லாத்துலயும் மீன் சாறு இருக்காம். உங்க அக்காவுக்குச் சமைக்க முடியாதுன்னு மன்னிப்புக் கேட்டிருக்காங்க. ஒருத்தர்னா அதே நாள்ல ஒரு நாற்காலி இருக்காம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். என்ன செய்யப் போறீங்க?"

உப்பில்லாக்காவுக்குக் கோபம் வந்தது, அக்கா மேல் இல்லை. எழுதியது தன் கைதானே!

"எனக்கு அந்தக் கிண்ணம் வேணும்" என்றாள். அடுப்பை அணைத்தாள். இடைவேளை ஒரு மணி நேரம். நேரே வீட்டுக்கு நடந்தாள்.

பெரியவள் புதுப் பெட்டியில் ரஸ்க் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் மட்டும் போறேன்."

"என்னடி உளர்ற?"

"நீ வந்தா அந்தக் கடையில இடம் இல்ல."

"அந்தக் கடை இல்லாட்டி வேற கடை. ஒரு வாய் சூப்புக்காகக் கூடப்பிறந்தவளை வேணாங்கறியா?"

"ஆமா."

சொன்னபிறகு அவளே திடுக்கிட்டுப் போனாள். பெரியவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ச்சல் வந்தா யாருடி இருக்கா? வழி தவறிட்டா? நான் இல்லாம ஒரு வேளை சாப்பிட்டிருக்கியா நீ?"

"எனக்கும் பயமாத்தான்க்கா இருக்கு. பயந்துக்கிட்டே போறேன்."

ஏப்ரன் பையிலிருந்து எழுதாத மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்தாள். எதையும் எழுதி வைத்துக்கொண்டு செய்துதான் அவளுக்குப் பழக்கம். கட்டில் என்பதை அடித்துவிட்டு நாற்காலி என்று எழுதினாள். துணை: இல்லை. மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. அந்தக் கட்டம் காலியாக இருந்து அவள் பார்த்ததே கிடையாது. 'எதுவுமில்லை' என்று எழுதினாள். அதையே போனிலும் நிரப்பி அனுப்பினாள். மனசு துள்ளியது.

பெரியவள் சீட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தப்புக் கண்டுபிடிக்கிற மாதிரி படித்தாள்.

"எதுவுமில்லையா? காளான் உனக்கு ஆகாதேடி! சின்ன வயசுலேர்ந்தே ஆகாதே!"

"அது உனக்குத்தான்க்கா ஆகாது" என்றாள் உப்பில்லாக்கா. "நான் இன்னும் தின்னே பார்க்கல."