பூனைக்குச் சீனி வருத்தம்

எங்கள் பூனைக்கு ஏதோ வருத்தம் என்பதை எறும்புகள்தான் முதலில் காட்டித்தந்தன. கிணற்றடி மணலில் அது சிறுநீர் கழித்துவிட்டுப் போன இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். பூனை, தொழுகைக்கு வுழுச் செய்ய வைத்திருந்த வாளித் தண்ணீரில் தலையை விட்டுக் குடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாடு குறையவில்லை, உடம்புதான் வற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் பின்னங்கால்களைக் குதிவரை தரையில் பதித்து, தேய்ந்த செருப்போடு நடக்கிற ஆளைப்போல இழுத்து இழுத்து வந்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை.

என் கணவர் கண்டக்குழியில் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். கடற்கரையில் குட்டியாகக் கிடந்த அந்தப் பூனையைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தவரும் அவர்தான். மகள் மன்னாரில் கலியாணம் முடித்துப் போன பிறகு அதை "மகன்" என்று கூப்பிடத் தொடங்கினார். தேத்தண்ணீரில் தோய்த்த பாண் துண்டு காலையிலும் மாலையிலும் மகனுக்கு உண்டு.

பிளாஸ்டிக் மீன்கூடையில் வைத்து, மேலே அவர் உடுத்துக் கழித்த பழைய சாரத்தைக் கட்டி, பாலாவியில் பஸ் மாறிச் சிலாபத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண். காதோரத்தில் சின்னதாகக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சீனி வருத்தம். இன்சுலின் போடணும். காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு. வீட்டில நீங்கதான் போடணும்."

"பூனைக்குமா டொக்டர்?" என்றார் கணவர்.

"ஓம், பூனைக்கும்தான். பாண் குடுக்கிறதா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் சீனி பார்க்கிற மெஷின் ஒன்று ஏற்கெனவே இருந்தது. என் கணவருக்கும் சீனி வருத்தம் என்பதால், வாப்பாவுக்கென்று மகள் வாங்கி அனுப்பியது. இயந்திரத்துக்குள் கையை விட்டு எத்தனையோ முறை காயப்பட்டவர், அந்தச் சின்ன ஊசிக்குப் பயந்து அதை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். டொக்டரிடம் கேட்டபோது, பூனைக்கு அது கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஆனாலும் அதையே பாவிக்கலாம் என்றார். சீனி எந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஊசி போடக்கூடாது என்பதையும் சொல்லித்தந்தார்.

முதல் நாள் நான் பூனையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் பிடரித் தோலை இழுத்துக் கூடாரம்போலத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டார்.

"இஞ்சேருங்க, கண்ணத் திறந்துகொண்டு குத்துங்க. என்ட கையில குத்திப் போடுவீங்க."

"பிஸ்மில்லாஹ்" என்று குத்தினார். பூனை, முன்னால் வைத்த தட்டிலிருந்த அவித்த மீனிலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை. அவருக்குத்தான் நெற்றியெல்லாம் வியர்வை.

விடிய சுபஹ் தொழுத கையோடு ஒன்று, பொழுதுபட மஃரிபுக்கு முன்னால் ஒன்று என்று பழகிவிட்டது. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. காதை என் உள்ளங்கையால் சூடாக்கிக் குத்தினால் இரத்தம் லேசாக வரும் என்று கண்டுகொண்டோம். கொஞ்ச நாளில் பின்னங்கால்கள் நிமிரத் தொடங்கின. ஒரு காலை, பூனையின் முறை முடிந்ததும் அவர் தன் விரலையும் நீட்டினார்.

"புது ஊசியொண்டு போட்டு எனக்கும் பாரு புள்ள. மகன் சத்தம் போடாம இருக்கான், நான் பயந்தா வெக்கம்."

நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில்தான் நன்றாகப் பயந்தோம். காலையில் சாப்பிட்டு ஊசியும் போட்ட பிறகு, பூனை வேலிக்கு அப்பால் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. அவர் பள்ளியில் ஜும்மாத் தொழுகை முடிந்து வரும்போது அது முற்றத்தில் கால் பின்னி, சரிந்து விழுந்தது. மெஷினில் பார்த்தால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நான் டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

"இனிப்பு ஏதாவது பல்முரசில பூசுங்க. வாய்க்குள்ள ஊத்த வேண்டாம், புரைக்கேறும்."

அலுமாரியில் தேன்போன்ற கித்துள் பாணி இருந்தது. அவர் விரலில் தொட்டுத் தொட்டுப் பூனையின் முரசில் தடவினார். "மகன், நக்கு மகன், நக்கு" என்று கெஞ்சினார். நான் ஓதிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு அசைந்தது. பிறகு அவர் விரலையே நக்கியது. பிறகு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக் கத்தியது.

மீன் துண்டைத் தின்ன வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தோம், சீனி ஏறியிருந்தது. அன்றைக்குப் பின்னேரம் ஊசி வேண்டாம், நாளையிலிருந்து அளவைக் குறையுங்கள் என்றார் டொக்டர். அப்போதுதான் கணவர் தன் கையைக் கவனித்தார். ஐந்து விரலிலும் பாணி. பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனவரை நான் பாய்ந்து பிடித்தேன்.

"நோன்பு!"

இரண்டு பேரும் முற்றத்திலேயே இருந்து சிரித்தோம். அன்றைக்கு நோன்புக் கஞ்சி குடிக்கும்போது பூனை எங்களுக்கு நடுவில் படுத்திருந்தது. அவ்வளவு ருசியான கஞ்சியை நான் காய்ச்சியதாக நினைவில்லை.

அதன்பிறகு அளவு குறைந்துகொண்டே வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து சிலாபத்துக்குப் போனபோது, ஊசியை நிறுத்திப் பார்ப்போம் என்றார் டொக்டர். பூனைகளுக்குச் சில நேரம் இப்படி வருத்தம் விலகிப் போகுமாம், திரும்பியும் வரலாமாம். சாப்பாட்டில் கவனமாக இருந்து, இடைக்கிடை காதில் குத்திப் பாருங்கள் என்றார். எங்கள் பூனைக்கு விலகித்தான் போனது.

மகளுக்குப் பிள்ளை பிறந்து எத்தனையோ முறை கூப்பிட்டும், ஊசி நேரத்தை நினைத்து நாங்கள் மாறி மாறித்தான் போய்வந்திருந்தோம். இப்போது பூனையைப் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் விட்டுவிட்டு, இரண்டு பேருமாக மன்னாருக்குப் பஸ் ஏறினோம். மகள் வாசலிலேயே, "ஒருமாதிரி உங்களுக்கு வழி தெரிஞ்சிட்டுது" என்று கோபித்துக்கொண்டாள். அவர் பேரப்பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பூனையின் கதையை எறும்பிலிருந்து தொடங்கினார். பகல் சாப்பாடு ஆறும்வரை அது முடியவில்லை.