தெயோலிந்தா லீவில் இருக்கிறாள்

ஆகஸ்ட் மாதம் ஊருக்குப் போகாமல் பாரிஸிலேயே கிடக்கிற போர்த்துகீசியக்காரன் என்றால், ஒன்று ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான், இல்லையென்றால் ஜெயிலில் இருப்பான். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு. ஜூலை முடிந்தால் போதும், கொத்தனார், வீட்டு வேலைக்காரி, கட்டடக் காவல்காரி எல்லோரும் காரின் தலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ராத்திரி பகலாக ஓட்டி, ஊர் எல்லையில் ஹாரனை அழுத்திக்கொண்டே நுழைய வேண்டும். கல்யாணம், ஞானஸ்நானம், திருவிழா எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். இந்தச் சட்டத்தை மீறியவள் தெயோலிந்தா. அவளைத் திமிர் பிடித்தவள் என்று இன்றும் சொல்லித் திரிகிறார்கள். திமிர்தான். அதனால் என்ன?

அவள் வசதியான தெரு ஒன்றில் ஆறு மாடிக் கட்டடத்துக்குக் காவல்காரி. படி துடைப்பது, குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுப்பது, தபாலை வகை பிரித்து வீடு வீடாகச் சேர்ப்பது அவள் வேலை. வாசலை ஒட்டி, கண்ணாடிக் கதவு வைத்த ஓர் அறையும் சமையல் மூலையும் வேலையோடு சேர்த்துக் கொடுத்தவை. அதில்தான் அவளும், கொத்தனார் புருஷன் அதெலினோவும், பதினாறு வயது மகள் லுதிவீனும் குடியிருந்தார்கள். கட்டடத்தில் யாரும் அவளைத் தெயோலிந்தா என்று கூப்பிட்டதில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவள் மரியா, அதனால் இவளும் மதாம் மரியா. வந்த புதிதில் திருத்திப் பார்த்தாள். பிறகு வாய் வலித்து விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் ஒருநாள் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் வந்து நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், கையில் விரித்த வரைபடம். எந்த தேசமோ, பாஷை புரியவில்லை. பாரிஸின் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்துக்கு எப்படிப் போவது என்று சைகையில் கேட்டார்கள். தெயோலிந்தாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தைக்குத் தெரியும், பாங்குக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகத் தெரியும். தூரத்தில் கூரைக்கு மேலே தெரிகிற கோபுரத்துக்கு எந்தப் பக்கமாகப் போவது என்று இருபது வருஷமாகத் தெரியாது. அந்தப் பொம்பிளை சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போனாள். தொட்டியைப் பிடித்தபடி தெயோலிந்தா அங்கேயே நின்றாள். உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்து பார்க்கிறார்கள், இங்கேயே கிடக்கிற எனக்கு என்ன கேடு என்று வயிறு எரிந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் ஊருக்குப் போகல. பாரிஸ் சுத்திப் பாக்கப் போறோம்."

அதெலினோ கரண்டியைக் கீழே வைத்தான். "காய்ச்சல் எதுவும் அடிக்குதா உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பாரிஸ்ல இருந்து லீவுல போவாங்கடி. பாரிஸ்லயே யாராவது லீவு போடுவாங்களா? இங்க நாம வேலைக்கு வந்திருக்கோம்."

"வருஷம் பூரா இங்க அடுத்தவங்க படியைத் துடைக்கிறேன். ஆகஸ்ட்டுல அங்க போயி, பூட்டிக் கெடந்த நம்ம வீட்டுப் படியைத் துடைக்கிறேன். அப்புறம் உன் அண்ணன் தம்பி, அவங்க பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாருக்கும் வடிச்சுக் கொட்டுறேன். நீ லீவுல போற அதெலினோ. நான் எப்போ போனேன், சொல்லு?"

அவன் கரண்டியை மறுபடி கையில் எடுத்தான். ஆனால் அவன் பக்கமும் ஒரு வலி இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு ஆகஸ்ட்டும் திருவிழாவில் மாதாவின் பல்லக்கைத் தோளில் தூக்குகிறவர்களில் அவன் ஒருவன், முன்வரிசை இடது பக்கம். போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் தோள் கொடுப்பான். அதைவிட, ஊரில் ஓடு பதித்துக் கட்டின அந்தப் பெரிய வீட்டுக்காகத்தான் இத்தனை வருஷம் சாந்து குழைத்தான். பாரிஸிலேயே சந்தோஷமாக இருக்கலாம் என்றால் அந்த வீடு எதற்கு? இந்தக் கேள்வியை அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"சரி, காரோட கியர் போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிருவோம்" என்றான்.

"பொய் எதுக்கு? யார் வீட்ல திருடினோம்?"

மாமியாருக்கு அவளே போன் போட்டாள். அந்தப் பக்கத்துச் சத்தம் லுதிவீனுக்கும் கேட்டது.

"கோபுரமா? நம்ம கோயில் மணிக்கூண்டுக்கு என்னடி கொறைச்சல்? கடன்ல மூழ்கிட்டீங்கன்னு ஊரே சொல்லும்!"

"சொல்லட்டும் அத்தை. அவங்களுக்கும் பொழுது போகணும்ல."

ஆகஸ்ட் பிறந்தது. வழக்கம்போல அவளுக்குப் பதிலாக ஒரு மாணவி தினமும் காலையில் வந்து தொட்டி, தபால் எல்லாம் பார்த்துக்கொண்டாள். தெயோலிந்தா கண்ணாடிக் கதவின் திரையை இழுத்து மூடி, 'காவல்காரி லீவில் இருக்கிறார்' என்று அட்டையில் எழுதி மாட்டினாள். முதல் நாளே தட்டினார்கள். மூன்றாம் மாடி மதாம் தெல்மோத்.

"அட, இருக்கீங்களா! நல்லதாப் போச்சு. என் பால்கனிச் செடிக்கு..."

"நான் இல்ல மதாம்."

"இதோ நிக்கிறீங்களே!"

"நிக்கிறேன். ஆனா லீவுல நிக்கிறேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அந்த அம்மாள் செடியை விட்டுவிட்டு இவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்து பார்சல், அடுத்து சாவி, அடுத்து எரியாத பல்பு. மாணவி கூடத்திலேயே நிற்பாள், அவளைத் தாண்டி வந்து இந்தக் கதவைத் தட்டுவார்கள். அதெலினோ நெளிந்தான். "பின்வாசல் வழியா பெட்டியோட போற மாதிரி போயிட்டு, ராத்திரி சத்தமில்லாம வந்துருவோம். ஊருக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க."

"என் வீட்டுக்கு நான் திருட்டுத்தனமா வரணுமா? போய்யா!"

இதற்கு நடுவிலும் அவர்கள் பாரிஸ் பார்த்தார்கள். படகில் போனார்கள். அரும்பொருள் மாளிகையில் எல்லோரும் ஓவியத்தைப் பார்க்க, அதெலினோ கூரையை அண்ணாந்து பார்த்து, "பூச்சு வேலை பண்ணினவன் மனுஷனே இல்ல, தெய்வம்" என்றான். தெயோலிந்தா பூப்போட்ட சட்டையும், காலைக் கடித்த புதுச் செருப்புமாக நடந்தாள். ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து உப்புமீன் உருண்டைப் பொட்டலத்தைப் பிரித்ததும் லுதிவீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வேணும்னா கேக்கட்டும், குடுக்குறேன்."

ஒருநாள் பெரிய ஓட்டல் ஒன்றைக் கடந்தபோது அதெலினோ நின்று, மூன்றாவது மாடிப் பால்கனிகளைக் காட்டி, "அந்த மூணும் நான் கட்டினது" என்றான். மகள் அவனை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். அதன் பிறகு அவன் கொஞ்சம் முணுமுணுப்பைக் குறைத்தான்.

கோபுரத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அந்தக் காலையில் மூவரும் வாசலுக்கு வந்தபோது, தெருவில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டாம் மாடி முசியே ரோக்பேர். வக்கீல், வீட்டு உரிமையாளர்கள் சங்கத்துக்குத் தலைவர். கடற்கரைக்கு லீவில் போனவர் பாதியில் திரும்பி வந்திருந்தார்.

"மதாம் மரியா, கடவுளாப் பாத்து உங்களை நிறுத்தி வெச்சிருக்கார். ராத்திரி விருந்தாளி வர்றாங்க. ஜன்னலைத் திறந்து வீட்டை ஒரு துடை துடைச்சிருங்க. பெட்டி டிக்கியில இருக்கு."

அதெலினோவின் கை தானாகவே பெட்டியை நோக்கி நீண்டது. பழகின கை, அவனைக் கேட்காமல் போய்விட்டது. தெயோலிந்தா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கையை எடு அதெலினோ." பிறகு வக்கீலிடம், "இன்னைக்கு முடியாது முசியே. நாங்க கோபுரம் ஏறப் போறோம்."

"ரெண்டு மணி நேரம்தானே. கோபுரம் எங்கயும் ஓடிடாது."

"இருபது வருஷமா இதையேதான் நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவர் முகம் இறுகியது. "இங்க பாருங்க. இது வேலைக்காகக் குடுத்த அறை. இங்க இருந்தா வேலையில இருக்கீங்கன்னு அர்த்தம். பெரும்பாலான கட்டடத்துல இப்போ கதவுக்கு எண்பூட்டு போட்டு, காவல்காரியை அனுப்பிட்டு, இந்த அறையை வித்துடறாங்க. செப்டம்பர் கூட்டத்துல பேச வேண்டியிருக்கும்."

"பேசுங்க முசியே. அப்புறம் என் பேர் தெயோலிந்தா. கூட்டத்துல பேசறப்போ பேரையாவது சரியாச் சொல்லுங்க."

மெட்ரோவில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. பயப்படாமல் என்ன, வேலையும் அதுதான், கூரையும் அதுதான், மகள் படிப்பும் அந்தக் கூரைக்குக் கீழேதான். ஆனாலும் சொன்ன வார்த்தையில் ஒன்றைக்கூடத் திரும்ப எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கோபுரத்தின் உச்சியில் காற்று முடியைப் பிய்த்தது. கீழே நகரம் முழுக்கக் கிடந்தது. அதெலினோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்தான்.

"தொரத்திட்டா என்னடி பண்ணுவோம்?"

"அடுத்த தடவை இங்க வர வேற மெட்ரோ பிடிக்கணும். இப்போ அந்தப் பக்கம் பாரு, காசு குடுத்து ஏறியிருக்கோம்."

லுதிவீன் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டாள், யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல்.

செப்டம்பரில் ரோக்பேர் வீட்டு வரவேற்பறையில் கூட்டம். தெயோலிந்தா அதே பூப்போட்ட சட்டையோடு மேலே போனாள். வக்கீல் எழுந்தார்.

"இது உரிமையாளர்கள் கூட்டம்."

"தெரியும். இத்தனை வருஷம் நாற்காலி போட்டவளே நான்தானே. இன்னைக்கு ஒண்ணு சேத்துப் போட்டுக்கிட்டேன்." உட்கார்ந்தாள். "என்னைப் பத்திப் பேசப் போறீங்களாம். பேசுங்க, கேக்குறேன்."

முதுகுக்குப் பின்னால் பேசுவது சுலபம், முகத்துக்கு நேரே எத்தனை பேருக்கு வரும்? வக்கீல் தொண்டையைச் செருமினார். லீவு என்றால் வெளியே போவதுதான் வழக்கம், இங்கேயே இருந்துகொண்டு உதவி செய்ய மறுப்பது குடியிருப்பவர்களுக்குச் சங்கடம் என்று இழுத்தார்.

"முசியே, ஞாயித்துக்கிழமை நீங்க வீட்லதான் இருக்கீங்க. நான் மேல வந்து, இருக்கீங்களே, எனக்கு ஒரு கேஸ் வாதாடிக் குடுங்கன்னு கேட்டா?"

மதாம் தெல்மோத் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, "நியாயமாத்தான் கேக்குறாங்க. அந்தப் பொண்ணு செடிக்கு ஒழுங்காத் தண்ணி ஊத்திச்சு" என்றாள். எண்பூட்டுக்குக் கை தூக்குங்கள் என்றபோது வக்கீலின் கையும் ஐந்தாம் மாடிக்காரரின் கையும்தான் எழுந்தன. மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வருஷம் போர்ச்சுகல் போவீங்கதானே?" என்றார் வக்கீல், கடைசியாக ஒரு முயற்சி.

"தோணினா போவேன். தோணலைன்னா இங்கயே இருப்பேன். ரெண்டும் என் ஊர்தான்."

கீழே வந்தாள். அறை நடுவில் அட்டைப்பெட்டிகள். அவள் மேலே போன நேரத்தில் அதெலினோ தட்டு, கோப்பை எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"எப்போ காலி பண்ணச் சொன்னாங்க?"

தெயோலிந்தா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"மூணு தட்டை எடு. பசிக்குது."