கல்யாண் வரை கொண்டுபோகும் புத்தகம்

நவம்பரில் நியூயார்க் போனேன். மகன் வீட்டுக்கு. மும்பையிலிருந்து ஒரே விமானம், பதினாறு மணி நேரம். எனக்கு விமானத்தில் தூக்கம் வராது. முன்சீட்டின் முதுகில் இருக்கும் குட்டித் திரையைப் பார்த்தால் தலை வலிக்கும். பக்கத்து சீட்காரரோடு பேசலாம் என்றால்... பத்து நிமிஷத்தில் சண்டை வந்துவிடும். என் வாய் அப்படி.

புத்தகம்தான் ஒரே வழி. ஆனால் கதைப் புத்தகம் கூடாது. அழுதுவிடுவேன்.

சிரிக்காதீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் யாரையாவது திட்டுகிற ஆளுக்கு அழுகை வராது என்று எவன் சொன்னது? போன தடவை நடுவானில் ஒரு நாவலைப் படித்துத் தேம்பப்போக, ஏர்ஹோஸ்டஸ் தண்ணீரும் மாத்திரையுமாக ஓடி வந்து, 'விமானத்தில் யாராவது டாக்டர் இருக்கிறீர்களா' என்று அறிவிப்பு வேறு. மானம் போயிற்று.

அதனால் இந்தத் தடவை பிசினஸ் புத்தகம் என்று முடிவு செய்தேன். பிசினஸ் புத்தகம் படித்து அழுதவன் உலகத்தில் உண்டா?

மாட்டுங்காவில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். ஓர் அலமாரி முழுக்க அதுதான். எல்லா அட்டையிலும் ஓர் எண் — ஐந்து ரகசியம், ஏழு படி, பத்து விதி. ஆசிரியர் கைகளைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். எங்கள் ஆபீஸில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவனெல்லாம் மெமோ வாங்க வந்தவன். இவர்கள் எதற்கு நிற்கிறார்கள்? எதை எடுப்பது என்று கடைக்கார அம்மாளைக் கேட்டேன்.

"எல்லாமே நல்லாப் போகுது சார்" என்றார்.

நான் என்ன வெண்டைக்காயா வாங்க வந்தேன்? வெளியே வந்து பால்துரைக்கு ஃபோன் போட்டேன்.

பால்துரை என் பழைய ஆபீஸ்காரன். எனக்கு ஜூனியர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் வளர்ந்தவன், இப்போது டோம்பிவிலியில் சொந்த ஃபிளாட். ஃபோர்ட்டில் இருக்கிற ஆபீஸுக்கு தினமும் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. அவனுடைய ட்ரெயின் குரூப் மடியில் பெட்டியை வைத்துச் சீட்டு விளையாடும். இவன் மட்டும் பக்கத்தில் நின்று பிசினஸ் புத்தகம் படிப்பான். பதினோரு வருஷமாக. 'சொந்தமா ஒண்ணு செய்யணும் சார்' என்பான். என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு, என் வீட்டுக்கு வந்தான். துணிப்பையைக் கவிழ்த்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் முப்பது முப்பது பக்கமாக, பிளேடால் அறுத்து, ரப்பர் பேண்ட் போட்டு...

"என்னப்பா இது? புத்தகக் கடையா, கறிக்கடையா?"

"ஏசாதீங்க சார். ஒரு கை மேல கம்பியில தொங்குது. மிச்சம் இருக்கிறது ஒரு கை. அதுல முந்நூறு பக்கத்தை எப்படிப் பிடிக்க? முப்பது பக்கம்னா சட்டைப் பையிலயே கிடக்கும்லா."

"சரி, எது நல்ல புத்தகம்?"

அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தான். ஃபோர்ட் பக்கத்து வி.டி. ஸ்டேஷனில் வண்டி ஏறிப் படிக்க ஆரம்பித்து, குர்லா வருவதற்குள் சட்டைப் பைக்குள் போய்விட்டால் அது குர்லா புத்தகம். பாதி தூரம் தாங்கினால் தாணே புத்தகம். படித்துக்கொண்டே டோம்பிவிலியில் இறங்க மறந்து, ஃபாஸ்ட் வண்டி அடுத்து நிற்கிற கல்யாண் வரை போய்விட்டால்?

"அது கல்யாண் புத்தகம் சார். பதினோரு வருசத்துல பன்னிரண்டு பீஸ்தான் தேறிச்சு. எல்லாம் இதுல இருக்கு."

எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான புத்தக விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கலாம் இல்லையா? நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"பதினோரு வருஷமா படிக்கிறியே, ஒரு பொட்டிக்கடையாவது தொறந்தியா?"

மனைவி டீ கொண்டுவந்து பால்துரை முன்னால் வைத்தாள். அவன் டீயில் ஆடை படிவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். "இதெல்லாம் திருப்பித் தர வேண்டாம் சார். நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். டீயைத் தொடவே இல்லை.

"பெருந்தன்மைக்காரன்" என்றேன் மனைவியிடம்.

"மண்ணாங்கட்டி. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

நான் பார்க்கவில்லை.

விமானம் ஏறினேன். எனக்கு நடு சீட். முதல் பீஸைப் பிரித்தேன். புத்தகம் சுமார்தான். ஆனால் ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ் எழுத்து. ஓடுகிற வண்டியில் எழுதியது, கோழி கிளறின மாதிரி.

'செல்வி தினமும் லேடீஸ் டப்பாவில் பட்டாணி உரித்துக்கொண்டு வருகிறாள். அவள் மட்டுமா? டப்பா முழுக்க. உரித்ததையே ஸ்டேஷன் வாசலில் விற்றால்?'

செல்வி அவன் மனைவி. தாணேயில் ஒரு துணிக்கடையில் வேலை. லேடீஸ் டப்பா என்கிற தங்கள் பெட்டியில் சாயங்காலம் பெண்கள் ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டு வருவதை இந்த ஊரில் யார்தான் பார்க்கவில்லை? நாம் பார்த்தோம், விட்டோம். இவன் யோசித்திருக்கிறான்.

அடுத்த பீஸ். எத்தனை கிராம் பாக்கெட். பட்டாணி சீசன் போனால் பூண்டு, சின்ன வெங்காயம். பிளாஸ்டிக் வேண்டாம், இலைப் பொட்டலம் ஈரம் காக்கும். மழைக்காலத்தில் எந்தப் படிக்கட்டின் கீழே ஒதுங்கலாம் என்பது வரைக்கும். அச்சில் இருந்ததை நான் விட்டுவிட்டேன். ஓரத்தை மட்டும் படித்தேன். வாடிக்கையாளரைத் தெரிந்துகொள் என்று புத்தகம் பக்கம் பக்கமாக அளக்கிற இடத்தில் இவன் ஒரே வரி எழுதியிருந்தான் — 'ஏழு மணிக்கு இறங்குகிற பெண்ணுக்குக் கால் வலிக்கும்.'

ஒவ்வொரு பீஸின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வாக்கியம். 'தீபாவளி கழிந்து ஆரம்பிக்கலாம்.' அதை அடித்திருந்தான். 'பொங்கல் கழிந்து.' அடித்திருந்தான். 'பாப்பா பத்தாவது முடிந்து.' அதுவும் அடித்திருந்தது. பன்னிரண்டாவது பீஸை எடுத்தேன்.

'சரி. வேண்டாம்.'

அதை அடிக்கவில்லை.

அதனால்தான் திருப்பித் தர வேண்டாம் என்றிருக்கிறான். ஆசையை அறுத்து, ரப்பர் பேண்ட் போட்டு, என் வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பொட்டிக்கடை தொறந்தியா என்று கேட்டேனே... என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

அழுதேன். ஆமாம், பிசினஸ் புத்தகம் படித்து.

பக்கத்து சீட்டில் ஒரு குஜராத்தி அம்மாள். என்ன ஆச்சு என்று பதறிவிட்டார். "க்யா ஹுவா பாய் சாப்?"

"பிசினஸ்" என்று புத்தகத்தைக் காட்டினேன்.

"லாஸ் ஹோ கயா?" என்று கேட்டு, தேப்லா என்கிற வெந்தயச் சப்பாத்தி ஒன்றை என் கையில் திணித்தார். நஷ்டத்துக்கு அதுதான் மருந்து போல.

நியூயார்க்கில் காலை. மும்பையில் சாயங்காலம். பெட்டி வருவதற்குள் பால்துரைக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கு எப்படி எடுப்பான்? செல்விக்குப் போட்டேன். லேடீஸ் டப்பா இரைச்சலுக்கு நடுவே ஓரத்தில் இருந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தேன். 

"இதெல்லாம் அவுகளா எழுதுனாக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணாச்சி!"

பார்த்தீர்களா? பதினோரு வருஷமாக முன்பின் தெரியாத கைகட்டி ஆசாமிகளிடம் யோசனை கேட்டவன், பட்டாணி உரிக்கிற சொந்தப் பெண்டாட்டியிடம் கேட்கவில்லை.

"இப்பக்கூட மடியில பட்டாணிதான் கிடக்கு" என்றாள் செல்வி. "இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டுப் பக்கம்? நாளைக்குப் பத்து கிலோ எடுத்தாப் போச்சு. வித்தா விக்குது. விக்கலன்னா நாலு நாளைக்கு அவுகளுக்குப் பட்டாணிக் குழம்புதான்."

விற்றது. மூன்றாவது வாரம் துணிக்கடை வேலையை விட்டுவிட்டாள். பெரிய தைரியம். இனி இவனுடைய ஒரு சம்பளமும் அந்தப் பட்டாணியும்தான் வீட்டை ஓட்ட வேண்டும்.

போன வாரம் ஊர் திரும்பினேன். மன்னிப்பு கேட்க வேண்டும். ஃபோனில் கேட்டால் அது மன்னிப்பா? பன்னிரண்டு பீஸையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வி.டி.யில் அவன் ஏறும் வண்டியிலேயே ஏறினேன்.

பால்துரைக்கு சீட் கிடைத்திருந்தது. மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. சுற்றி அந்தச் சீட்டு விளையாடுகிற குரூப் — ஒரு பேங்க் ஆபீசர், ஒரு வக்கீல் குமாஸ்தா, அணுசக்தி நகரில் வேலை பார்க்கிற ஒருத்தர். சீட்டுக்கட்டைக் காணோம். எல்லார் மடியிலும் பட்டாணி.

"ஜல்தி, ஜல்தி! தாணேக்கு முன்னால இந்தப் பை முடியணும்" என்று அதட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். "பதினோரு வருசம் ஒளிச்சு வச்சேன். ஒரே ஃபோன்ல போட்டு உடைச்சுட்டீங்களே சார்."

"பால்துரை, அன்னைக்கு நான் கேட்டது..."

"அதெல்லாம் பெறவு."

"உன் புத்தகம் எல்லாம் கொண்டு வந்திருக்கேன்."

"எங்க வைக்க? ரெண்டு கையிலயும் வேலை கிடக்கு. நீங்க இப்படி நெருக்கி உக்காருங்க. கை சும்மாத்தான இருக்கு?" என்று இரண்டு பிடி பட்டாணியை என் மடியில் கொட்டினான்.

உரித்தேன். ஆபீசர் கிரிக்கெட் பேசினார். குமாஸ்தா ஜட்ஜைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன். தாணே வந்ததும் போனதும் தெரியும்.

அப்புறம் பால்துரையின் ஃபோன் அடித்தது. செல்வி. டோம்பிவிலி ஸ்டேஷன் வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், காலிக் கூடை, எங்கே தொலைந்தீர்கள் என்று போட்ட சத்தம் பெட்டி முழுக்கக் கேட்டது.

வெளியே எட்டிப் பார்த்தோம். கல்யாண்.