ஒன்றரை மணி ஐஸ்

ஐஸ் சுடும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் ஒழுங்காக இருந்திருப்பாயா என்று யாராவது கேட்டால், சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது.

அப்பா சிமெண்டு லாரி ஓட்டினார். அரியலூரில் லோடு ஏற்றினால் பெங்களூரில் போய் இறக்குவார். வாரத்துக்கு ஒன்றரை நாள் வீட்டில் இருப்பார், அதில் ஒரு நாளைத் தூங்கியே தீர்த்துவிடுவார். அம்மாவுக்குக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையில் ஒன்பதுக்குப் போனால் கடை சாத்தித்தான் வருவாள். கூடப் பிறந்தவர்கள் என்று எனக்கு ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடம் இருக்கும்வரை இதெல்லாம் உறைக்காது. முழுப்பரீட்சை லீவு விட்டதும் ஆரம்பித்துவிடும். தாழ்ப்பாளைப் போட்டுக்கொள், யார் தட்டினாலும் திறக்காதே, பக்கத்து வீட்டுப் பெரியம்மா குரல் கொடுத்தால் மட்டும் திற என்று அம்மா தினமும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போவாள்.

அப்புறம் நான் தாயக்கட்டையை எடுப்பேன். வலது கை ஒரு கட்சி, இடது கை ஒரு கட்சி. என்ன மாயமோ, இடது கைதான் ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கோபம் வந்து, அழுகுணி ஆட்டம் ஆடுகிறாய் என்று அதைப் பளாரென்று அடித்துவிட்டேன். வலித்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிமெண்டு ஆலை. கொல்லையிலிருக்கும் முருங்கை இலைகூடத் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருக்கும். ஷிப்டு மாறும்போது ஆலையில் சங்கு ஊதுவார்கள்: காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. வெளியூரிலிருந்து வந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்கள். எங்கள் காதில் அது ஏறவே ஏறாது. பிறந்ததிலிருந்து கேட்டால் எதுதான் காதில் விழும்?

அந்த வருஷம் லீவு விட்ட மறுவாரம், ஆத்தூர்ப் பக்கம் ஸ்டெப்னி டயரைத் தூக்கும்போது அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வேறொரு டிரைவர்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவரை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். வாசற்படி ஏற அப்பா பட்ட பாட்டைப் பார்த்து அம்மா அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அடிமனசில் குபுக்கென்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை இன்றைக்காவது ஒத்துக்கொள்ள வேண்டும். இனி கொஞ்ச நாளைக்கு இவர் எங்கும் போக முடியாதே!

டவுன் டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றும் இல்லை, சதைதான் பிடித்திருக்கிறது என்றார். ஐஸ் வைக்கச் சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து நிமிஷம், துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது. பத்து நாளில் வண்டி எடுக்கலாம் என்றார். அந்தப் பத்து நாள் கணக்கு எனக்குப் பிடிக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் அப்போது பிரிட்ஜ் கிடையாது. பெரியம்மா வீட்டில் இருந்தது. அந்த வீட்டு அண்ணன் ஏரியில் வலை போட்டுப் பிடிக்கும் ஜிலேபி மீனெல்லாம் அந்த பிரீசரில்தான் கிடக்கும். நான் டிபன் டப்பாவை நீட்டும்போதெல்லாம் பெரியம்மா ஒரு பிரசங்கம் வைத்துவிட்டுத்தான் ஐஸைப் பெயர்த்துப் போடும். "முதுவுப் புடிப்புக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுப்பாங்களா, ஐஸ வெப்பாங்களா? சளி கட்டிக்கிட்டு இருமப் போறான் பாரு ஒங்கப்பன்!" அப்பாவுக்குச் சளி பிடிக்கவில்லை. மீன் வாடைதான் பிடித்தது. தெருப்பூனை ஒன்று தினமும் ஒன்றரை மணிக்கு ஜன்னலில் வந்து உட்கார்ந்து அவர் முதுகையே பார்க்கும்.

காலை வேளையும் இரவு வேளையும் அம்மா பொறுப்பு. கடையில் துணி அளக்கிற கையல்லவா, பதினைந்து நிமிஷம் என்றால் பதினைந்தேதான். மதியம் ஒன்றரை மணி ஐஸ் என் பொறுப்பு. அப்பா பாயில் குப்புறப் படுப்பார். நான் முக்காலியில் உட்கார்ந்து, பாலிதீன் பையில் போட்ட ஐஸைத் துண்டில் சுற்றி இடுப்புக்கு மேலே வைத்துப் பிடித்துக்கொள்வேன். கடிகாரம் அவர் கால்மாட்டுச் சுவரில் இருந்தது. திரும்பிப் பார்க்க அவரால் முடியாது. ஆகையால் நேரத்துக்கு நான்தான் அதிகாரி.

முதல் நாள் அவர் ஸ் ஸ் என்று முனகிக்கொண்டே கிடந்தார். இரண்டாம் நாள், குளிரை மறக்கவோ என்னவோ, பேச ஆரம்பித்தார். அப்பா எதிரில் உட்கார்ந்தால் பேசத் தெரியாத மனுஷன். ரோடு மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதனால் அதையே சொன்னார். அரியலூர் கேட்டைத் தாண்டுவதிலிருந்து ஒன்றும் விடமாட்டார். பெரம்பலூர் போகும் வழியில் மக்காச்சோளத்தை ரோட்டிலேயே கொட்டிக் காயவைத்திருப்பார்கள், அதில் ஏற்றாமல் ஒதுங்கிப் போக வேண்டும். இன்ன இடத்தில் ஒரு டீக்கடை, அங்கே டீ மோசம், ஆனால் குளிக்கத் தண்ணீர் தருவார்கள். இன்ன வளைவில் ஒரு நாய், இவர் வண்டியை மட்டும் துரத்தாது. நான் ஐஸைப் பிடித்த கை மரத்துப்போனது தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

பதினைந்து நிமிஷத்தில் வண்டி ஆத்தூரைத் தாண்டாது. ஐஸை எடுத்ததும் பேச்சும் நின்றுவிடும், அப்படியே தூங்கிப்போவார். மறுநாள் திரும்பவும் அரியலூரிலிருந்துதான் ஆரம்பம். பாதியில் ஏறிக்கொள்வது அவர் வழக்கத்தில் இல்லை. எனக்கோ தொப்பூர் இறக்கத்தைப் பார்த்தாக வேண்டும். லாரிகள் பிரேக் பிடிக்காமல் உருளும் இடம் என்று ஒரு தரம் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் பதினைந்து ஆனதும் அவரே, "நேரம் ஆயிடுச்சா பாப்பா?" என்றார்.

"இன்னும் ஆவலப்பா" என்றேன்.

அவ்வளவுதான். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் ம்ம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அன்றைக்கு வாழப்பாடிவரை போனோம். மறுநாள் சேலம்.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஐஸ் வைத்தால் முதுகு குணமாகும். குணமானால் போய்விடுவார். நான் கூட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவரைச் சீக்கிரம் கிளப்பி அனுப்பப் போகிறது. வைக்காமல் விட்டாலோ பேச்சு இல்லை. முக்காலியில் உட்கார்ந்து இதை நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் தோற்பது நான்தான். சரி, போகிறவரை கேட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். 

ஒரு நாள், தனியாக ஓட்டும்போது யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டேன். கிளீனர் வைத்துக்கொள்வதை முதலாளி நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "வண்டி கூடத்தான் பேசுவேன்" என்றார். பதில் சொல்லுமா என்றேன். "மேடு ஏறும்போது சொல்லும்." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வண்டியோடு பேசுகிற அப்பா! இடது கையோடு சண்டை போட்டவள் நான் என்பது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

எட்டாம் நாள் தொப்பூர் வந்தது. எனக்கு முன்னால் போகும் டேங்கர் லாரி தெரிகிறது, அப்பா கியரைக் குறைக்கிறார், பக்கத்தில் பள்ளம். ஐஸ் உருகி, துண்டு சொதசொதவென்று நனைந்து, பையே முதுகில் நேராக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. இறக்கத்தைத் தாண்டி தர்மபுரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தேன். இரண்டே கால்.

ராத்திரி ஐஸ் வைக்கச் சட்டையைத் தூக்கிய அம்மா வீல் என்று கத்தினாள். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று சிவந்து, நடுவில் கொப்புளம் கட்டியிருந்தது. சூடு போட்ட மாதிரி. ஐயோ, ஐஸா இப்படிச் சுடும்? கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எத்தனை நிமிஷம் வைத்தாய் என்று அம்மா என் பக்கம் திரும்புவதற்குள் அப்பா குரல் கேட்டது.

"அவள ஒண்ணும் கேக்காத. எடுக்குறேன்னுதான் சொல்லிச்சு. நான்தான் இருக்கட்டும்னு சொல்லிட்டுத் தூங்கிட்டேன்."

அதற்கப்புறம் அம்மா வைத வசவெல்லாம் அவருக்குத்தான் போனது. சின்னப் பிள்ளைக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையா என்றுகூடக் கேட்டாள். அப்பா கவிழ்ந்து படுத்துக் கிடந்தார். நான் பிழைத்தேன். அவர் நிஜமாகவே நேரம் தெரியாமல்தான் கிடந்தார், நான் அவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஏமாற்றியதற்கு அழுகை வந்தாலும், ஏமாந்துபோனாரே என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஐஸ் அத்தோடு நின்றது. தீப்புண்ணுக்குப் போடும் களிம்பு வந்தது. முதுகுப் பிடிப்பும் விட்டுவிட்டிருந்தது. சொன்னபடி பத்தாம் நாள் முதலாளி போன் போட்டார், பதினோராம் நாள் அப்பா கிளம்பிவிட்டார். கொப்புளம் சீட்டில் உரசக் கூடாதென்று முதுகைச் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்து வண்டியை எடுத்ததைப் பார்த்தேன். தர்மபுரியிலிருந்து பெங்களூர்வரை பாக்கி ரோடு எனக்குத் தெரியாமலே போனது. வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தாயக்கட்டையை எடுத்தேன். அன்றைக்கு விளையாடப் பிடிக்கவில்லை.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்கும் வேலை. அந்த நாற்காலி என் முதுகையும் விட்டுவைக்கவில்லை. போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டு அரியலூர் போயிருந்தேன். சர்க்கரையால் கண் மங்கி, அப்பா லாரியை விட்டு நாலு வருஷமாகிறது. அம்மா இன்னும் அதே கடையில்தான் நிற்கிறாள். காலை ஒன்பதிலிருந்து அந்த வீட்டில் அப்பா மட்டும்தான். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தத்தை நிறுத்தியிருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்தார். இப்போது எங்கள் வீட்டிலேயே பிரிட்ஜ் இருக்கிறது. ஐஸைப் பையில் போட்டு, துண்டை நாலாக மடித்துச் சுற்றி எடுத்துவந்தார். பாயில் குப்புறப் படுத்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தபோது பனியன் மேலே ஏறி, அந்தத் தழும்பு பழுப்பாகத் தெரிந்தது.

"ரூம்லேருந்து ஆபீசுக்கு எப்புடிப் போவ? மொதல்லேருந்து சொல்லு" என்றார்.

சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மாடிப்படியிலிருந்து ஆரம்பித்தேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி, பஸ் ஸ்டாப், அங்கிருந்து மெட்ரோ, எத்தனை ஸ்டேஷன், எந்த ஸ்டேஷனில் இடம் கிடைக்கும். அவர் ம்ம் ம்ம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதி வழியில் இருக்கும்போது சங்கு ஊதியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் வெளியூரில் இருந்துவிட்டதால் என் காதுக்கும் அது கேட்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு மணி. ஒன்றரைக்கு வைத்த ஐஸ். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரம் முழுக்க வெளியூரில் கிடந்துவிட்டு வந்தவர் அப்பா. சங்கு அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. நான் ஆவல ஆவல என்று சொன்னபோதெல்லாம், வாழப்பாடியிலும் சேலத்திலும் தொப்பூரிலும், மணி என்ன என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். முதுகு வெந்ததும் தெரிந்திருக்கும். கேட்க ஆள் இருக்கிறதே என்று காட்டிக்கொள்ளாமல் படுத்துக் கிடந்திருக்கிறார். அந்த வீட்டில் தனியாக இருந்தது நான் ஒருத்திதான் என்று ஒன்பது வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தரையைப் பார்த்தபடி, "நேரம் ஆயிடுச்சாப்பா?" என்றேன்.

அவர் துண்டை இன்னொரு மடிப்பு மடித்து, வலி இல்லாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இன்னும் ஆவல. நீ சொல்லு."

சங்குச் சத்தமே கேட்காதவள்போல நான் அடுத்த ஸ்டேஷனைச் சொன்னேன்.