சீசனுக்கு மட்டும் வந்துபோன ஆள்

உபகாரம் அக்காவைக் கல்நெஞ்சுக்காரின்னு இந்தக் கொடைக்கானல்ல பேசாத வாய் இல்லை. மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வந்தா, முக்காட்டுக்குள்ள குசுகுசுன்னு அதே பேச்சுத்தான். பேசுறவங்க பேசட்டும். பக்கத்துல நின்னு பாத்தவ நான். நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு யாருக்குக் கல்நெஞ்சுன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு சோலையம்மாள். கன்னிவாடியில பொறந்து, மலைக்கு வாக்கப்பட்டு வந்தவ. ஏரிக்குப் போற ரோட்டுல மனுவேல் முதலாளி ஓட்டல் வச்சிருந்தாரு. அங்க பாத்திரம் கழுவுற சோலி எனக்கு. ஓட்டலோட சேந்த பேக்கரியில உபகாரம் அக்கா. அக்கா புருசன் லாரி டிரைவர், மலை ரோட்டுல வண்டி உருண்டு போயிட்டாரு. கையில புஷ்பமேரின்னு ஒரு பொம்பளைப் புள்ள. அறுபத்தேழுல வேலைக்குச் சேந்தாங்க. சேந்த கொஞ்ச நாள்லயே அடுப்பு மொத்தமும் அவங்க கைக்கு வந்துருச்சு.

வெள்ளனே எந்திரிச்சு வாட்டில் மரத்து வெறகைப் போட்டு மூட்டுவாங்க. ஒரு சிட்டிகை மாவை அடுப்புக்குள்ள வீசிப் பாப்பாங்க. மாவு எப்பிடிச் செவக்குதுன்னு பாத்துத்தான் ரொட்டித் தட்டை உள்ள விடுவாங்க. ரொட்டி, பன்னு, டூரிஸ்ட்டுக்குக் கேக்கு, கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூடங்க கேக்குற பழக் கேக்கு, எல்லாம் அந்த ஒத்தை மனுசி கை. வாங்கித் தின்னவன் எல்லாம் "மனுவேல் கேக்கு"ன்னுதான் சொன்னான். அதையும் அவங்க பெருசா எடுத்துக்கல.

முதலாளிகிட்ட ஒரு சூது இருந்துச்சு. ஏப்ரல்ல சீசன் ரெஜிஸ்டர்ல எங்க பேரை எழுதுவாரு. ஜூன் கடைசியில கையெழுத்து வாங்கிக்கிட்டு, வேலை முடிஞ்சதுன்னு பேரை அடிச்சிருவாரு. பேருதான் போகும், ஆள் அடுப்படியை விட்டு நகரக் கூடாது. நெரந்தர ஆள்னு காட்டுனா சேமநிதி அது இதுன்னு அரசாங்கத்துக்குக் கட்டணுமாம். கூலி கைக்கு வருதுல்ல, கெடக்குன்னு நாங்களும் கையெழுத்துப் போட்டோம். புத்தி கெட்ட கழுதைங்க.

எழுபத்தஞ்சுல அக்காவுக்கு ஒரு வழி தொறந்துச்சு. ஏரிக்கரை பங்களாவுல ஒரு கனடாக்காரம்மா இருந்தாங்க, டீச்சரு. அக்காவோட ரொட்டின்னா அவங்களுக்கு உசுரு. வேலை முடிஞ்சு ஊருக்குத் திரும்பிப் போனவங்க, அங்கிருந்து எழுதுனாங்க. எங்க ஊர் பேக்கரியில உன்னை எடுத்துக்கத் தயாரா இருக்காங்க, புள்ளையையும் கூட்டிட்டு வந்துரு, ஆனா இத்தனை வருசம் இன்ன வேலை முழு நேரமாப் பாத்தேன்னு முதலாளி கையெழுத்துப் போட்ட கடுதாசி வேணும், அது இல்லாம எம்பசியில விசா தர மாட்டாங்கன்னு.

அக்கா போய்க் கேட்டாங்க. "சீசன் முடியட்டும், பாப்பம்"னாரு. சீசன் முடிஞ்சு மழையும் வந்துருச்சு. "கணக்கு முடியட்டும்"னாரு. நடையா நடந்தாங்க. கடைசியில ஒரு நாள் கல்லாவுல உக்காந்துக்கிட்டு கடுதாசியை அவரே இங்கிலீஷ்ல வாசிச்சு, தமிழ்லயும் சொன்னாரு. "இவர் சீசனுக்கு மட்டும் வந்துபோன உதவியாள். அடுப்புப் பொறுப்பு இவரிடம் இருந்ததில்லை." அம்புட்டுத்தான் கடுதாசி.

"முதலாளி, எட்டு வருசம் இந்த அடுப்புல வெந்திருக்கேனே"ன்னு அக்கா அழுதாங்க. அவங்க அழுது நான் பாத்தது அந்த ஒரு தடவைதான். அவரு அசையல. "ரெஜிஸ்டர்ல இப்பிடித்தான் இருக்கு உபகாரம். நீயே கையெழுத்துப் போட்டிருக்க. நீ போயிட்டா கிறிஸ்துமஸ் கேக்கு யாரு போடுறது? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், அங்க குளிர்ல வெறைச்சுச் செத்துருவ"ன்னாரு. கொடைக்கானல்காரிக்குக் குளிரைச் சொல்லிப் பயங்காட்டுறாரு மனுசன். கையில இருந்த சட்டியை அவரு மண்டையில போடலாமான்னு எனக்கு வந்துச்சு. போட்டிருக்கணும்.

வேற வழியில்லாம அதையே அனுப்புனாங்க. கூடவே கோயில் சாமியாரு குடுத்த கடுதாசி, கனடாக்காரம்மா கடுதாசி, அடுப்பு முன்னால நின்னு எடுத்த போட்டோ எல்லாம் வச்சாங்க. பதில் வந்துச்சு. உங்க முதலாளியே உங்களை உதவியாள்னு எழுதியிருக்காரு, மத்தவங்க சொல்றதை வேலை அனுபவமா எடுத்துக்க முடியாதுன்னு. அங்க பேக்கரியிலயும் வேற ஆள் போட்டுட்டாங்க.

அக்கா வழக்கம்போல அடுப்பை மூட்டுனாங்க. கிறிஸ்துமஸ் வரட்டும்னு இருந்தாங்க. பழமெல்லாம் ஜாடியில ஊறிக் கெடக்கு, பள்ளிக்கூட ஆர்டர் குமிஞ்சு கெடக்கு, அந்த நேரம் பாத்து ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டுனாங்க. "நான் சீசன் ஆளுதானே முதலாளி. சீசன் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு"ன்னுட்டு படியெறங்கிட்டாங்க. பின்னாலயே நானும் எறங்கிட்டேன். அந்த வருசம் மதுரையிலருந்து கேக்கு வாங்கிட்டு வந்து வித்தாரு. வாங்குனவங்க திருப்பிக் கொண்டாந்து அவரு மேசையில வச்சாங்க. எனக்கு அது போதும்னு தோணுச்சு. அக்காவுக்குப் போதல.

அதுக்கப்புறம் ஒரு பள்ளிக்கூட ஆஸ்டல் சமையக்கட்டுல ரெண்டு பேரும் சேந்தோம். ரொட்டி அடுப்புக்கு அக்காதான் பொறுப்பு. அட்டுவம்பட்டியில வீடு பிடிச்சு புள்ளையைப் படிக்க வச்சாங்க. முதலாளி குடுத்த கடுதாசியை அனுப்புறதுக்கு முன்னாலயே ஒரு நகல் எடுத்து, வேதப் புத்தகத்துக்குள்ள வச்சிருந்தாங்க. செபம் சொல்ல உக்காந்தா மொதல்ல அதை எடுத்து வாசிப்பாங்க. "மன்னிச்சு விட்ருங்கக்கா"ன்னு ஒரு நாள் சொல்லிப் பாத்தேன். "மறந்துட்டாத்தானே சோலை மன்னிக்க முடியும்? எனக்கு மறக்க மாட்டேங்குதே"ன்னாங்க.

எம்பத்து நாலு ஏப்ரல்ல ஒரு நாள் நான் அக்கா வீட்டுல இருக்கப்ப, மனுவேல் முதலாளி வாசல்ல வந்து நின்னாரு. கையில பிளம்ஸ் கூடை. கூடவே மகன் மரியசெல்வம். "நல்லா இருக்கீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. மனுசன் அக்காவை மொத மொத 'ங்க' போட்டுப் பேசுனது அன்னைக்குத்தான். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, என்னமோ காரியமாத்தான் வந்திருக்காருன்னு.

விசயம் இதுதான். மரியசெல்வத்துக்கு மச்சினன் கனடாவுல ஓட்டல் வச்சிருக்கானாம். பேக்கரி வேலை தெரிஞ்ச ஆள்னு சொல்லி இவனை எடுக்கப் போறானாம். எழுபதுலருந்து எழுபத்தஞ்சு வரைக்கும் நம்ம ஓட்டல்ல பேக்கர்னு அப்பங்காரரு எழுதிக் குடுத்துட்டாரு. அப்பன் மகனுக்குக் குடுத்தது செல்லாது, மகனுக்கு வேலை சொல்லிக் குடுத்த ஆள் கையெழுத்து வேணும்னு எம்பசியில கேட்டுட்டாங்க. அந்த அடுப்புக்கு மேலாள்னு சொல்ல உபகாரம் அக்காவை விட்டா யாரு இருக்கா?

மரியசெல்வமா பேக்கரு? மதுரைக் காலேஜுலருந்து சீசன் லீவுக்கு வருவான், கல்லாவுல உக்காந்து ஜிலேபி தின்பான், போயிருவான். மாவுல கை வச்சு நான் பாத்ததில்லை.

அக்கா மொகத்துல ஒரு மாறுதல் இல்லை. காப்பி போட்டுக் குடுத்தாங்க. "சீசன் முடியட்டும் முதலாளி, எழுதிருவோம்"னாங்க. அவரு மூஞ்சியைப் பாக்கணுமே. காப்பியை முழுங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் அவரு நடையா நடந்தாரு. வர்றப்பல்லாம் காப்பி உண்டு, கடுதாசிதான் இல்லை.

ஜூலையில அக்கா சொன்னாங்க. "நான் கையெழுத்துப் போடுறதுல ஒண்ணுமில்ல முதலாளி. ஆனா அதே எம்பசியில என்னைய உதவியாள்னு நீங்க எழுதிக் குடுத்தது கெடக்குமே. உதவியாள் கையெழுத்தை எவன் மதிப்பான்? மொதல்ல என் வேலை என்னன்னு சரியா எழுதிக் குடுங்க."

நியாயமான பேச்சுத்தானே. மறுநாளே மகனையும் கூட்டிக்கிட்டு, லெட்டர் பேடும் சீலும் இன்னொரு பிளம்ஸ் கூடையுமா ஓடி வந்தாரு. அக்கா சொல்லச் சொல்ல எழுதுனாரு. "தலைமை பேக்கர்னு போடுங்க. சீசன் மட்டும் இல்லை, பன்னெண்டு மாசமும்னு போடுங்க. மாவு பிசையுறதுலருந்து சுட்டு எடுக்குறது வரைக்கும் இவர் ஒருவரே, வேற யாரும் இல்லைன்னு போடுங்க." மகன் கனடா போற அவசரத்துல அவரு எதையும் யோசிக்கல. கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு, பவ்யமா நீட்டுனாரு. அக்கா அதை வாங்கி ரெண்டு தடவை வாசிச்சு, வேதப் புத்தகத்துக்குள்ள வச்சாங்க. உள்ள இருந்து வேற ஒரு தாளை எடுத்தாங்க. ஸ்கூல் டைப்பிஸ்ட்டுகிட்டச் சொல்லி முன்னாலயே அடிச்சு, கையெழுத்தும் போட்டு வச்சது.

"அன்னைக்கு நீங்கதான் வாசிச்சுக் காட்டுனீங்க. இன்னைக்கும் நீங்களே வாசிங்க"ன்னாங்க.

வாசிச்சாரு. "மரியசெல்வம் சீசனுக்கு மட்டும் வந்துபோன உதவியாள். அடுப்புப் பொறுப்பு இவரிடம் இருந்ததில்லை." தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பாத்தாரு.

"இதை அனுப்புனா அவனுக்குக் கெடைக்காதேம்மா."

"எனக்கும் கெடைக்கலயே முதலாளி."

"எம் புள்ளையோட வாழ்க்கை இது."

"எனக்கும் ஒரு புள்ள உண்டு முதலாளி. அன்னைக்கு எட்டு வயசு. ஊருக்குப் போறோம்னு பொட்டியில துணியெல்லாம் மடிச்சு வச்சிருந்தா."

"ஏமாத்திட்டியே"ன்னாரு. 'ங்க' பறந்து போச்சு. அந்த அடுப்புல வேற யாரும் இல்லைன்னு அவரு கைப்பட எழுதுனது இப்ப அக்கா கையில, இனி வேற எவன் கையெழுத்தும் மகனுக்கு உதவாது.

"ஒரு பொய்யும் எழுதலயே. நீங்க எனக்கு எழுதுனதும் நெசம், நான் உங்க மகனுக்கு எழுதுனதும் நெசம். இன்னைக்கு நம்ம ரெண்டு பேருமே நெசம்தான் எழுதியிருக்கோம்"னாங்க அக்கா. எந்திரிச்சுப் போய்க் கதவைத் தொறந்து விட்டாங்க.

பிளம்ஸ் கூடையை நான்தான் தூக்கி அவரு கையில குடுத்தேன். மரியசெல்வம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே எறங்குனான். பாவம்னு சொல்றவங்க சொல்லட்டும். எனக்கு அன்னைக்கு ராச்சோறு ரெண்டு பங்கு எறங்குச்சு.

அக்கா கனடா போகல. நாப்பது தாண்டுன பொம்பளையை யாரு எடுப்பா? முதலாளி எழுதிக் குடுத்ததைக் கண்ணாடி போட்டு ஆஸ்டல் சமையக்கட்டுல மாட்டியிருக்காங்க. பழைய நகலை அன்னைக்கே அடுப்புல போட்டுட்டாங்க. இப்ப செபத்துக்கு உக்காந்தா நேரா செபந்தான்.

வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு மனுவேல் வீட்டுக்கு ஒரு துண்டு பழக் கேக்கு போகும். கொண்டு போறது நான்தான். மரியசெல்வம் அந்தக் கல்லாவுலதான் உக்காந்திருக்கான். தலை நரைக்க ஆரம்பிச்சிருச்சு. கேக்கை அவன் முன்னால வச்சுட்டு, "அக்கா குடுத்து விட்டாங்க தம்பி, சௌக்கியமா?"ன்னு கேப்பேன். தலையை மட்டும் ஆட்டுவான். இப்பல்லாம் அவன் சீசனுக்கு மட்டும் இல்லை, பன்னெண்டு மாசமும் அங்கதான்.